அடிக்கோடு போடாத எண்

ராசா,

நீ விமானம் ஏற இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. சென்னையில் உன் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாய். கட்டியதைப் பிரித்து மறுபடியும் கட்டிக்கொண்டிருப்பாய், அது என் ரத்தம். இங்கே ராஜபாளையத்தில் எங்கள் லேப் ஆட்கள் சேர்ந்து மாதாமாதம் எட்டுப் பக்கத்தில் ஒரு மலர் போடுகிறார்கள் அல்லவா, அவர்கள் வந்து நின்றார்கள். "அக்கா, மகன் பித்தநாளப் புத்துநோயில ஆராய்ச்சி செஞ்சு டாக்டர் பட்டம் வாங்கி வெளிநாடு போறான். பெருமையா நாலு வரி எழுதித் தாங்க" என்றார்கள். பெருமையாக நாலு வரி எழுத எனக்கு என்ன கசக்கவா செய்யும்? உட்கார்ந்தேன். நாலு வரியில் நிற்கவில்லை. அச்சுக்குப் போவதற்கு முன் இது உன் கைக்கு வந்துவிடும். முழுவதும் படித்த பிறகு போன் போடு, பாதியில் போடாதே.

பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல நேரம் இருக்காது. போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு உன் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். உட்காரக்கூட விடவில்லை. "ஏட்டி, ஊர்ல உள்ளவன்லாம் பிள்ளைய அமெரிக்காவுக்கு அனுப்புதான். நீ தாய்லாந்துக்கு அனுப்புதயே, அங்க என்ன இருக்கு?" என்றாள். "அங்க நோய் இருக்குக்கா" என்றேன். "நோய் இருக்கற இடத்துக்கு எவளாவது பிள்ளைய அனுப்புவாளா?" என்று கேட்டாள். "திருடன் இல்லாத ஊருக்குப் போலீஸ்காரன் போயி என்ன செய்ய?" என்று நான் திருப்பிக் கேட்டேன். நீ எனக்குச் சொன்னதை நான் அவளுக்குச் சொன்னேன். அந்த நாட்டின் வடகிழக்கில் ஆற்று மீனைப் பச்சையாகத் தின்கிறார்கள், மீனுக்குள் இருக்கும் புழு பித்தநாளத்துக்குள் போய்க் குடியேறுகிறது, வருடக்கணக்கில் அங்கே புண்ணாகிக் கடைசியில் சிலருக்குப் புற்றுநோயாகிறது, அந்த நோயை முன்கூட்டிக் காட்டிக்கொடுக்கும் புரதங்களைத் தேடித்தான் என் மகன் போகிறான் என்றேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "அவன் அங்க மீன் தின்பானோ?" அதற்குப் பதில் நீ சொல். யார் வீட்டு விருந்தாக இருந்தாலும், எவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டாலும், வேகாத மீனைத் தொடாதே. படித்தவன்தான் இந்த விஷயத்தில் முதலில் வழுக்கி விழுவான். எனக்குத் தெரியும்.

உன் ஆராய்ச்சிக்கு வாய்மொழித் தேர்வு நடந்த அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ பேசியதில் பாதி புரிந்தது. முப்பத்தொரு வருடம் ரத்தம் எடுத்தவளுக்குப் பாதி புரிந்ததே பெரிய காரியம். ஒரு புரதத்தை மட்டும் நம்பிப் புற்றுநோய் உண்டு, இல்லை என்று சொல்லக்கூடாது, நாலைந்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னாய். அவற்றில் சில நோயைக் காட்டிக்கொடுப்பதோடு நிற்பதில்லை, கட்டி வளர்வதற்கும் அவையே உரம் போடுகின்றன என்றும் சொன்னாய். அப்போது முன்வரிசையில் இருந்த கண்ணாடிக்காரர் எழுந்து ஏதோ ஒரு கேள்வி கேட்டார். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியாது சார், அதை நான் இன்னும் பார்க்கவில்லை" என்றாய். அரங்கில் கைதட்டியது வேறு இடத்தில். எனக்கு நெஞ்சு நிறைந்தது அந்தத் 'தெரியாது' என்ற சொல்லில்தான். அத்தனை பேருக்கு முன்னால், பட்டம் கைக்கு வரும் நேரத்தில், தெரியாது என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அது உனக்கு என்னிடமிருந்து வந்ததில்லை. ஏன் என்று இனிமேல் சொல்கிறேன்.

சாயங்காலம் கெட்டி அட்டை போட்ட உன் ஆராய்ச்சிப் புத்தகத்தைக் கொடுத்தாய். முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி. நீயே தமிழில் படித்துக் காட்டினாய்: "எண்களைச் சந்தேகிக்கக் கற்றுத் தந்த அம்மாவுக்கு." நான் அழுதேன். நீ சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துத் தோளைத் தட்டினாய். ராசா, அந்தப் பக்கத்தில் உன் அப்பா இல்லை. அடுத்த பக்கத்தில் ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் கழுவியவர்வரை நன்றி சொல்லியிருக்கிறாய், அங்கேயும் அவர் இல்லை. ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். ஊசிக்குப் பயந்து, ஆஸ்பத்திரிக்கு வர மறுத்து, பச்சிலையை நம்பி, பிடிவாதத்தால் செத்துப்போன மனிதர் என்று அவரை நீ நினைக்கிறாய். பதின்மூன்று வருடமாக நினைக்கிறாய். நம் சொந்தக்காரர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். அது பொய். நாலு பேர் அறியப் பேசவிட்ட பொய்யை நாலு பேர் அறியத்தான் எடுக்க வேண்டும். அதனால்தான் இதை மலருக்கு எழுதுகிறேன்.

உன் அப்பா வத்திராயிருப்பு பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலம் உனக்கு நன்றாக நினைவிருக்கும், நீ பன்னிரண்டாம் வகுப்பு. ஒரு நாள் காலையில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பூக்கார அம்மாள் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "டிரைவரண்ணே, கண்ணு ரெண்டும் மஞ்சளா இருக்கே" என்று சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கண்ணைக் காட்டினார். வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு வழக்கம் லேப்காரர் வீடுகளில் உண்டு. நாங்கள் டாக்டரிடம் போக மாட்டோம். காய்ச்சலா, சர்க்கரையா, நாங்களே ரத்தம் எடுத்து, நாங்களே பார்த்து, நாங்களே முடிவு சொல்லிக்கொள்வோம். டாக்டர் எப்படியும் இந்தச் சீட்டைத்தானே பார்க்கப் போகிறார் என்று ஒரு நினைப்பு. அதே மாதிரி அவரை லேப்புக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்தேன். ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாரே தவிர, கையை ஒரு நாளும் இழுத்துக்கொண்டதில்லை. பிலிருபின் பதினொன்று. காமாலையைக் காட்டும் எண் அது, ஒன்றைத் தாண்டக் கூடாது. பித்தம் இறங்கும் வழியில் அடைப்பு இருந்தால் ஏறும் நொதியும் ஏறியிருந்தது. பித்தப்பைக் கல்லாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாமல், டாக்டர் சீட்டும் இல்லாமல், புற்றுநோய் மார்க்கர் பார்க்க மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து மதுரை பஸ்ஸில் பெரிய லேப்புக்கு அனுப்பினேன். சிஏ 19-9. நீ ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லும் அதே பெயர்தான்.

மறுநாள் முடிவு வந்தது. முப்பத்தேழு வரை இருக்கலாம். அவருக்கு இரண்டுக்கும் கீழே. எங்கள் லேப்பில் ஒரு முறை உண்டு. எல்லையைத் தாண்டிய எண்ணுக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போடுவோம். தாண்டாததற்குக் கோடு கிடையாது, கண்ணும் அங்கே நிற்காது. நானும் நிற்கவில்லை. சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் நேராகப் போனேன். "புத்துநோய் இல்லீங்க. நான் பாத்துட்டேன்" என்றேன். துணியைக் கீழே போட்டுவிட்டுக் கண்டக்டரைக் கூப்பிட்டார். "ஏலே, என் வீட்டுக்காரி பாத்துட்டா. ஒண்ணுமில்லயாம்" என்றார். அன்றைக்கு அந்த பஸ் ஸ்டாண்டில் அவர் சொல்லாத ஆள் இல்லை; பரீட்சை வருடம் என்று உன்னிடம் மட்டும் நாங்கள் சொல்லவில்லை. அவருக்கு என்னைப் பற்றி அவ்வளவு பெருமை.

கல் என்றால் பச்சிலையில் கரையும் என்று யாரோ சொன்னார்கள். வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்புக்காரர் மஞ்சள் காமாலைக்கு மருந்து கொடுக்கிறார். கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை, வெறும் வயிற்றில். கூட்டிப் போனது நான். அவராகப் போனதாக ஊரில் கதை, அப்படியில்லை. உப்பில்லாத மோர்ச் சோறு வடித்துப் போட்டதும் நான். மூன்றாவது ஞாயிறு அந்த மனிதர் உன் அப்பாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், கையில் சொறிந்த தடங்களைப் பார்த்தார். மருந்தை எடுக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அம்மா, என் மருந்துக்கு இது கேக்கல. இந்நேரம் கண்ணு வெளுத்திருக்கணும். மேல மேல ஏறிக்கிட்டுல்லா வருது. அரிப்பப் பாத்தா உள்ள அடப்பு பெருசா இருக்கும் போல. செத்த நேரமும் தாமசிக்காம பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் மார்க்கர் டெஸ்ட் எடுத்தாச்சுங்க. நார்மல். நான் லேப்லதான் இருக்கேன்" என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். "படிச்சவுக சொல்றீக. சரி. ஆனா என் மருந்து இனி வேண்டாம்" என்றார். பச்சிலை கொடுத்தவருக்குத் தன் மருந்தின் எல்லை தெரிந்திருந்தது. எனக்கு என் சீட்டின் எல்லை தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அப்பா மெதுவாகக் கேட்டார். "ஏட்டி, மதுரைக்குப் போயி ஒரு ஸ்கேன் பாத்துருவமா?" கேட்டது அவர்தான், ராசா. ஒரு தரம் அல்ல, அந்த மாதத்திலேயே இரண்டு தரம் கேட்டார். "எதுக்கு? நாந்தான் பாத்துட்டேன்ல" என்றேன். "நீ சொன்னாச் சரிதான்" என்று விட்டுவிட்டார். அந்த மாதத்துக்குப் பிறகு இன்னும் மூன்று மாதம் போனது. எடை குறைந்து, சட்டை தொங்கி, ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நடுங்குகிறது என்று அவரே வண்டியிலிருந்து இறங்கிக்கொண்ட பிறகுதான் மதுரைக்குப் போனோம். பித்தநாளத்தில் கட்டி, கல்லீரலுக்குள் ஏறிவிட்டது, அறுக்க முடியாது என்றார்கள். முன்னாலேயே போயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று நீ சொல்வாய். உண்மையாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. ஆறுதலுக்காக அதைச் சொல்லாதே.

என் தப்பு எது என்று உன் வாயால்தான் எனக்குத் தெரிந்தது. ஆராய்ச்சியில் சேர்ந்து இரண்டாம் வருடம், பொங்கலுக்கு வந்திருந்தாய். அடுப்படியில் நான் பூண்டு உரிக்க, நீ எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாய். "அம்மா, இந்த சிஏ 19-9 இருக்குல்ல, அது ஒரு சர்க்கரைச் சங்கிலி. புரதத்து மேல ஒட்டிக்கிட்டு இருக்கும். சிலரோட உடம்பால பிறவியிலயே அத உண்டாக்க முடியாது. அவங்களுக்குக் கட்டி எம்புட்டுப் பெருசா இருந்தாலும் இது ஏறவே ஏறாது." நான், "அப்பம் எப்படிக் கண்டுபிடிக்க?" என்றேன். "கல்லோ கட்டியோ, பித்தம் அடைச்சாலே இது பொதுவாக் கொஞ்சமாவது ஏறும்மா. கண்ணு மஞ்சளா இருந்து, இது மட்டும் அடிமட்டத்துல கெடந்தா, அங்கதான் நிக்கணும். அது நல்ல சேதி இல்ல. இந்த டெஸ்ட் இந்த ஆளுக்கு உதவாதுன்னு அர்த்தம்." நீ எழுந்து போன பிறகு பீரோவைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்தேன். இரண்டுக்கும் கீழே. பிலிருபின் பதினொன்று. இரண்டும் ஒரே ஆளின் எண்கள், ஒரே வாரத்து எண்கள். அந்தச் சங்கதி அப்போதே எனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லத் தெரிந்திருக்கலாம், ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கலாம். அந்தச் சீட்டை நீ பார்த்ததே இல்லை. அப்படி ஒரு டெஸ்ட் எடுத்ததே உனக்குத் தெரியாது. பொங்கல் முடிந்து நீ ஊருக்குப் போகும்வரை நானும் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறக்காவிட்டாலும் கை மாறியது. மறு வாரத்திலிருந்து, கீழ் எல்லையில் கிடக்கும் எண்ணுக்கும் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தேன். லேப்பில் வேலை பார்க்கும் சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள், "அக்காவுக்கு வயசாயிருச்சு, நார்மலுக்கும் கோடு போடுதாவ" என்று. போன ஆடியில் சேத்தூரிலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரரை அவர் மருமகள் கூட்டிவந்தாள், உனக்கு நினைவிருக்கும். மஞ்சள் கண், உடம்பெல்லாம் அரிப்பு, மார்க்கர் அடிமட்டம். அவள் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "நார்மல்தானக்கா, கோவிலுக்குப் போயிட்டு வாரோம்" என்று சந்தோஷமாகக் கிளம்பினாள். கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு உனக்குப் போன் போட்டேன். நீ மூன்றே கேள்வி கேட்டாய். "சீட்டு எழுதுன டாக்டர்ட்ட உடனே பேசும்மா, ஸ்கேன் இன்னைக்கே" என்றாய். மதுரையில் கட்டி சின்னதாக இருக்கும்போதே பார்த்து அறுத்துவிட்டார்கள். முந்தாநாள் அவரே மோட்டார் பைக்கில் பின்னால் உட்கார்ந்து லேப்புக்கு வந்தார். மெலிந்திருக்கிறார், கண் வெள்ளையாக இருக்கிறது. "ஒங்க மகன் நல்லா இருக்கணும்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஊரே கேட்கும்படி இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று சொல்ல ஆசையாக இருந்தது. அன்றைக்கு போனில் நீ கேட்டாயே, "அம்மா, உனக்கு இது எப்படித் தோணுச்சு? நீ டாக்டருக்குல்லா படிச்சிருக்கணும்" என்று. லைன் கட் ஆனது போல நான் போனை வைத்துவிட்டேன். எப்படித் தோன்றியது என்று இப்போது உனக்குத் தெரியும்.

போகிற ஊரில் உனக்கு ஆள் பலம் இருக்கும், மெஷின் பலம் இருக்கும். அங்கே ஓர் ஆற்றங்கரைக் கிராமத்தில் எவனாவது பச்சிலையோடு வந்து உன் எதிரே நின்றால் சிரிக்காதே, அவன் என்ன பார்த்தான் என்று கேள். உன் வீட்டு ஆளுக்கு நோய் வந்தால் நீ வைத்தியம் பார்க்காதே, அடுத்தவரிடம் காட்டு. நாளைக்கு எனக்கு வந்தாலும் அப்படித்தான். உன் கண்டுபிடிப்பை முதலில் நம்பப் போகிறவர்கள் உன்மேல் பாசம் வைத்தவர்கள், அவர்களிடம்தான் நீ அதிகமாக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உன் அப்பா வேறு யார் சொல்லியிருந்தாலும் மதுரைக்குப் போயிருப்பார். சொன்னது நான் என்பதால் போகவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் கைவிரித்த அன்று நீ கட்டில் பக்கத்தில் நின்று கத்தினாய். "அம்மா லேப்ல இருந்தும் ஒரு டெஸ்டுக்கு வரமாட்டேன்னு பச்சிலையத் தின்னுட்டுக் கெடந்தீங்க. எல்லாம் உங்க பிடிவாதம்" என்றாய். கூட்டிப் போனது நான்தான் என்று அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் உன்னைப் பார்த்து, "ஆமாய்யா, எம்பிடிவாதந்தான்" என்றார். நீ கோபத்தில் வெளியே போய்விட்டாய். "ஏன் அப்படிச் சொன்னீக?" என்று கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "நான் போயிருவேன். பொறவு அவனுக்கு நீதான இருக்க. உம்மேல கோவத்த வச்சுக்கிட்டு அவன் யாருகிட்டப் போயிச் சோறு கேப்பான்?"

அவர் சொன்னபடி பதின்மூன்று வருடம் சோறு போட்டேன், நீயும் கோபமில்லாமல் சாப்பிட்டாய். இப்போது நீ பெரியவன், உனக்கு உலை வைக்கத் தெரியும், போகிற ஊரில் அரிசியும் கிடைக்கும். இனி என்மேல் கோபப்பட்டாலும் நீ பட்டினி கிடக்க மாட்டாய். கோபப்படு ராசா. அவர்மேல் இருக்கும் கோபத்தை எடுத்து என்மேல் வைத்துவிட்டு விமானம் ஏறு. எத்தனை நாள் கழித்து நீ போன் போட்டாலும் நான் எடுப்பேன்.

உன் அம்மா